முள்ளங்கி விளைவித்துப் பார்த்தால் விலை புரியும்

உணவங்காடி நிலையத்தில் நாம் விரும்பிச் சாப்பிடும் ‘கேரட் கேக்’கில் கேரட் கிடையாது. அரிசி மாவுடன் வெள்ளை முள்ளங்கியைத் துருவிச் சேர்த்து, ஆவியில் வேகவைத்து, துண்டுகளாக்கி, முட்டையுடன் வறுத்துத் தருகிறார்கள். அதில் சேர்க்கும் ‘சாய் போ’வும் உப்பிட்டுப் பதப்படுத்திய முள்ளங்கிதான். நம் வீட்டுச் சாம்பாரிலும் அதே காய். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், ‘பேரங்காடியிலிருந்து’ என்பதைத் தாண்டி நம்மில் பலரால் பதில் சொல்ல முடிவதில்லை.

சிங்கப்பூர் தனது உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. 2030ஆம் ஆண்டுக்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிப்பது என்ற இலக்கு 2019ல் அறிவிக்கப்பட்டது. சென்ற 2025 நவம்பரில் அந்த இலக்கு மாற்றப்பட்டது. 2035க்குள் காய்கறி, காளான் போன்ற நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, முட்டை, கடலுணவு போன்ற புரத உணவில் 30 விழுக்காடு என்பதே புதிய இலக்கு. அந்தச் செய்தி வந்தபோது என் வகுப்பு நண்பர்கள் பலர் ஒரே வரியில் காரணம் சொன்னார்கள்: “நமக்குத்தான் இடம் இல்லையே.”

இடப் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் அது பாதிக் காரணம் மட்டுமே. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள ஒரு தொட்டி முள்ளங்கி போதும் என்பது என் கருத்து. இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீவக வீட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு நீளத் தொட்டிகளில் முள்ளங்கி வளர்த்து வருகிறேன். மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பயிர் இல்லை. விதைத்த 45 நாளில் அறுவடை. பத்து வாரப் பள்ளித் தவணைக்குள் தொடக்கத்தையும் முடிவையும் பார்த்துவிடலாம்.

முதலில் விதைத் தேர்வு. முள்ளங்கி குளிர்ச்சியை விரும்பும் பயிர். நம் ஊரில் பகலில் 31 முதல் 33 பாகை வரை வெயில் அடிக்கிறது. இரவிலும் பெரிதாகக் குளிர்வதில்லை. படங்களில் அழகாகத் தெரியும் சிறிய சிவப்பு முள்ளங்கி குளிர்நாட்டு வகை. இந்த வெப்பத்தில் அது இலைவிட்டு, காரமேறி, கிழங்கு திரளாமல் நின்றுவிடும். வெப்பம் தாங்கும் வெள்ளை முள்ளங்கி வகைகளே நமக்கு ஏற்றவை. இந்தியாவில் வெயில் காலத்துக்கென்றே உருவாக்கப்பட்ட ‘பூசா சேத்கி’ அவற்றுள் ஒன்று. விதைப் பொட்டலத்தின் படத்தைவிட, அதில் அச்சிட்டிருக்கும் பருவத்தையும் அறுவடை நாளையும் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது வெளிச்சம். ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் நேரடி வெயில் படவேண்டும். எதிர்ப் புளோக் மறைக்கும் தாழ்வாரத்தில் செடி வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக நீளும். கீழே கிழங்கு பிடிக்காது. வாங்குவதற்கு முன்பு ஒரு வார இறுதியில் மணிக்கொரு முறை வெளியே எட்டிப் பார்த்து, வெயில் எங்கே எவ்வளவு நேரம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெயில் வராத வீடு என்றால் அக்கம்பக்கச் சமூகத் தோட்டத்தில் ஓர் இடம் கேட்டுப் பார்க்கலாம்.

தொட்டி ஓரடி ஆழமாவது இருக்கட்டும். மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். கல்லோ கட்டியோ இருந்தால் வேர் அதைச் சுற்றிக்கொண்டு இரண்டு மூன்றாகப் பிளந்து வளரும். தக்காளி போல நாற்று விட்டுப் பிடுங்கி நடுவதும் இதற்கு ஒத்துவராது. முதல் வேரே கிழங்காக மாறுவதால், அது அடிபடாமல் இருக்க நேராகத் தொட்டியிலேயே விதைக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் ஆழம் போதும். மூன்று முதல் ஐந்து நாளில் முளைத்துவிடும்.

இரண்டாவது வாரத்தில்தான் மனத்தைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். நெருக்கமாக முளைத்த நாற்றுகளைப் பிடுங்கி, 12 சென்டிமீட்டருக்கு ஒரு செடி என்று விடவேண்டும். முளைத்த எல்லாவற்றையும் காப்பாற்ற நினைத்தால் தொட்டி நிறையப் பச்சை இருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது. பிடுங்கிய இளங்கீரை வீணாவதில்லை. பருப்பில் போட்டுக் கடையலாம்.

உரத்திலும் அளவு முக்கியம். தழைச்சத்து கூடினால் இலை மட்டுமே கொழுக்கும். தண்ணீரை நாள்தோறும் சீராக ஊற்ற வேண்டும். காயவிட்டுப் பிறகு மொத்தமாக ஊற்றினால் கிழங்கு வெடித்துவிடும். கிழங்கின் தலை வெளியே தெரிந்தால் மண் அணைத்துவிடுங்கள். புழுவும் அசுவினியும் இலையின் அடிப்புறத்தில்தான் குடியேறும். அங்கே தினமும் பாருங்கள். நாள் கடந்தும் பிடுங்காமல் விட்டால் முற்றிச் சக்கையாகிவிடும்.

சென்ற அறுவடையில் பத்துக் கிழங்குகள் கிடைத்தன. மொத்தம் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நாளுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் 45 நாளுக்கு ஏழரை மணி நேர உழைப்பு. சந்தையில் அதே எடையைச் சில வெள்ளிக்கு வாங்கிவிடலாம். பகுதிநேர வேலையில் ஏழரை மணி நேரத்துக்கு என்ன சம்பளம் கிடைக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

“அப்படியானால் எதற்கு வளர்க்க வேண்டும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் இரண்டு தொட்டிகளால் நாட்டின் உணவுப் பாதுகாப்பு உயர்ந்துவிடாது. ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர், உள்ளூர்க் கீரைக்கட்டு ஐம்பது காசு கூடுதலாக இருப்பதைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார். பண்ணைக்காரர் நம்மைவிடத் திறமையாக விளைவிப்பார்தான். ஆனால் அவர் வாடகை, சம்பளம், மின்கட்டணம் எல்லாம் கட்டி, வெயிலோடும் பூச்சியோடும் போராடி, பிறகு மலிவான இறக்குமதியோடு போட்டியிட வேண்டும். சில பண்ணைகள் மூடப்பட்டதற்கு இடப் பற்றாக்குறை மட்டும் காரணமில்லை. வாங்கும் கை குறைவாக இருந்ததும் ஒரு காரணம். 2035ல் சந்தைக்குப் போய்க் காய் வாங்கப்போகும் கை நம்முடையது.

2020ல் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு இலவச விதைப் பொட்டலங்களை வழங்கியது. விதை கொடுப்பது நல்ல தொடக்கம். அதற்கு அடுத்த படியைப் பள்ளிகள் எடுக்கலாம். தோட்டத்தைத் தோட்ட மன்ற மாணவர்களோடு நிறுத்தாமல், உயர்நிலை இரண்டில் ஒவ்வொரு மாணவரும் ஒரு தவணைக்கு ஒரு தொட்டியைப் பொறுப்பேற்கட்டும். எடை, செலவு, நேரம் மூன்றையும் குறிப்பேட்டில் எழுதட்டும். மதிப்பெண் கிழங்கின் பருமனுக்கு வேண்டாம். கணக்கு நேர்மையாக இருந்தால் போதும்.

வீட்டில் வளர்ப்போருக்கு மூன்று நினைவூட்டல்கள். தாழ்வாரத்தில் நடக்க 1.2 மீட்டர் அகலம் விடுங்கள். கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வைக்காதீர்கள். தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டிவிடுங்கள்.

அடுத்த தவணையின் முதல் வாரத்தில் விதைத்தால் எட்டாவது வாரத்துக்குள் கிழங்கு கையில் இருக்கும். அதை எடைபோட்டு, ஆன செலவையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். பிறகு அம்மாவோடு சந்தைக்குப் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.