நான்கு சக்கரமும் இழுத்தால் போதுமா?

பெங்களூரிலிருந்து கொள்ளேகால், ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டு, அப்படியே பாலாறு இறங்கி மேட்டூர் வழியாகச் சொந்த ஊர் செல்வது நம்மவர் பலருக்கும் பழக்கமான பயணம். (இது வேலூர்ப் பாலாறு அல்ல, மாநில எல்லையில் காவிரியில் கலக்கும் வேறு ஆறு.) முன்பெல்லாம் பஸ்ஸில் போனவர்கள் இப்போது ஜீப் போன்ற பெரிய வண்டிகளில் குடும்பத்தோடு போகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால், "நம் வண்டி ஃபோர் வீல் டிரைவ், மலையாவது மழையாவது!" என்ற பேச்சைக் கேட்கும்போது கவலை வருகிறது.

முதலில், பார்வைக்குப் பெரிதாக இருக்கும் வண்டியெல்லாம் ஃபோர் வீல் டிரைவ் அல்ல. மகிந்திரா தார் வண்டியே 2023 முதல் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வகையிலும் விற்பனைக்கு வந்தது.

இரண்டாவது, தார், ஜிம்னி போன்றவற்றின் நான்கு சக்கர வகையில் தனி லீவர் ஒன்று உண்டு. சாதாரண தார்ச் சாலைக்கு '2எச்'. சேறு, மணல், தளர்ந்த மண் ஆகியவற்றுக்கு '4எச்'. மிகச் செங்குத்தான கரடுமுரடான பாதையில் மெதுவாக ஏறி இறங்க '4எல்'. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடவேண்டும். '4எச்' போட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பிணைக்கப்படுகின்றன. சேற்றில் டயர் சற்று வழுக்கி ஈடுகட்டிவிடும். காய்ந்த தார்ச் சாலையில் அதற்கு வழியில்லை. ஸ்டியரிங் இறுகும், டயர் தேயும், உள்ளே உறுப்புகள் முறுக்கேறிக் கெடும். எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும்படி அமைத்த வண்டிகளுக்கு மட்டும் இது பொருந்தாது.

மூன்றாவதுதான் உயிர் பற்றியது. நான்கு சக்கரமும் இழுப்பது வண்டியை நகர்த்தத்தான், நிறுத்துவதற்கு அல்ல. சாதாரணக் காருக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டு. ஈரச் சாலையில் இரண்டும் ஒன்றே. பெரிய வண்டிக்குக் கனமும் உயரமும் கூடுதல். மலையிலிருந்து பாலாறு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் காப்பாற்றுவது நல்ல டயரும், இரண்டாவது கியரும், நிதானமும்தான். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 'இழுவை இருக்கிறதே' என்று சாலையை விட்டு ஆற்று மணலிலும் காட்டிலும் இறங்குவது வீரமல்ல. மாதேஸ்வரன் மலைக் காடுகள் 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம். அனுமதியின்றி நுழைவது குற்றம். யானை நடமாடும் இடம் என்பதையும் மறக்கலாகாது.

பல லட்சம் வாங்கிக்கொண்டு சாவியைத் தரும் விற்பனையாளர்கள், அந்த லீவரை எப்போது போடவேண்டும், எப்போது போடக்கூடாது என்று அரைமணி நேரம் செலவிட்டுச் சொல்லித்தரக் கூடாதா? வாங்குகிறவர்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பது நம் குழந்தைகள் அல்லவா?