பேண்ட் மேனேஜர் என்ற இளிச்சவாயர்

தன்னார்வத் தொண்டு என்று யாராவது சொன்னால் போதும், உடனே கைதட்டிவிடுகிறோம். இந்த ஒரு விஷயத்தில் நான் தட்டுவதாக இல்லை. ஸ்காட்லாந்தின் ஊர் பேக்பைப் பேண்டுகளில் சம்பளம் வாங்காத 'மேனேஜர்' ஒருவர் இருப்பார். அவர் தலையில் மொத்த பாரத்தையும் ஏற்றிவிட்டு அதற்குத் தொண்டு என்று பெயர் வைப்பது சுத்தமான சுரண்டல். இதுதான் என் கட்சி.

கக்கத்தில் காற்றுப்பையை இடுக்கிக்கொண்டு ஊதுகிற வாத்தியம் அது. பஸ் டிரைவர், டீச்சர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ஊர்க்காரர்களே சேர்ந்து பேண்ட் நடத்துகிறார்கள். வாராவாரம் ஒத்திகை, கோடையில் போட்டிகள், ஆகஸ்டில் கிளாஸ்கோ கிரீன் மைதானத்தில் உலகச் சாம்பியன்ஷிப். கொரோனாவால் நடக்காத 2020, 2021 நீங்கலாக, 1986 முதல் வருடா வருடம் கிளாஸ்கோ நகரில்தான்.

பேண்டின் தலைவர் பைப் மேஜர். எந்த மெட்டு, எந்த வேகம், யார் முன்வரிசை என்பதெல்லாம் அவர் முடிவு. மீதி எல்லாம் மேனேஜருக்கு! ஒத்திகைக்கு ஹால், போட்டிக்கு பஸ், பதிவுப் படிவம், சீவாளி ஆர்டர், வளர்ந்துவிட்ட பையனுக்குப் பெரிய கில்ட், கவுன்சிலில் நிதி கேட்டு விண்ணப்பம், நாலு காசு பார்க்க கல்யாண புக்கிங். போதாததற்குச் சட்டமும் உண்டு. பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவது போன்ற பொறுப்பில் இருப்பவர்கள் பிவிஜி திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது 2025 ஏப்ரல் 1 முதல் அங்கே கட்டாயம். தொண்டர்களுக்கும் விலக்கில்லை. அந்தக் காகிதத்தை யார் துரத்துவார்? மேனேஜர்தான்.

போட்டியில் நான்கு நடுவர்கள். இருவர் பைப்பைக் கேட்பார்கள், ஒருவர் டிரம்மை, ஒருவர் மொத்த இசையை. டிரம் குழுவுக்குத் தனிப் பரிசு, டிரம் மேஜர்களுக்குத் தனிப் போட்டியே உண்டு. பஸ் நேரத்துக்கு வந்ததற்கு யார் மார்க் போடுகிறார்கள்? வராவிட்டால் மட்டும் நாற்பது பேரும் திரும்பி ஒரே ஆளைத்தான் பார்ப்பார்கள்.

காகித வேலைதானே என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். 2014இல் கனடாவில் போட்டி முடிந்து திரும்பிய இரண்டு அமெரிக்க இளைஞர்களின் பைப்களை எல்லையில் பறித்துக்கொண்டார்கள். பழைய பைப்கள், தந்த வேலைப்பாடு உள்ளவை. அனுமதிச் சீட்டு கையில் இருந்தும், அதற்கென்று குறித்த எல்லைச் சாவடி வழியாக வரவில்லை என்று வம்பு. இதையெல்லாம் தெரிந்து வைத்திருப்பது ஒரு தொழில். அதை அலுவலகம் விட்டு வந்து, ராத்திரி பதினொரு மணிக்கு, ஓசியில் செய்யச் சொல்கிறோம்.

"விரும்பித்தானே செய்கிறார்?" என்பார்கள். விரும்பி வந்தவர் பாதிப் பேர் பைப் ஊத வந்தவர்கள் ஐயா! ஒரு கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்த்தபோது இவர் மட்டும் நிமிர்ந்துவிட்டார், அவ்வளவுதான். பத்து வருடம் கழித்தும் அவர்தான் மேனேஜர். சம்பளம் கொடுத்தால் தொண்டு உணர்வு போய்விடும் என்று இன்னொரு வாதம். நான் சம்பளமே கேட்கவில்லையே. சொந்தக் காசில் போட்ட பெட்ரோலுக்குப் பில் கேட்டால்கூட முகம் சுளிக்கிறார்களே, அதைச் சொல்கிறேன்.

இன்வரேரி என்கிற சின்ன ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து 2003இல் ஸ்டூவர்ட் லிடல் தொடங்கிய பேண்ட், 2017இல் முதல் கிரேடு உலகச் சாம்பியன். லிடலின் திறமைக்கு நானும் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தப் பதினான்கு வருடமும் யாரோ பஸ் பிடித்திருக்கிறார்கள், யாரோ கில்ட் எண்ணியிருக்கிறார்கள். கோப்பையோடு எடுத்த படத்தில் அவர்களைத் தேடிப் பாருங்கள்.

மேனேஜர் ஒருநாள் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனால் அடி விழுவது பிள்ளைகளுக்கு. புது பைப் ஒன்றின் விலை லேசுப்பட்டதல்ல. பல பேண்டுகள் அதை இரவல் கொடுத்து, காசு வாங்காமல் கற்றும் கொடுக்கின்றன. பேண்ட் கலைந்தால் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு வேறு வாசல் ஏது?

ஆகவே பேண்டுகள் இதைச் செய்யட்டும். மேனேஜர் பதவி இரண்டு வருடம், அதற்கு மேல் கூடாது. முதல் நாளிலிருந்தே கூட ஒரு துணை மேனேஜர். கணக்கு, உடை, பயணம் மூன்றும் மூன்று பேர் கையில். கைக்காசு செலவானால் அந்த மாதமே திருப்பித் தரவேண்டும். இதற்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்காதீர்கள். கில்ட் கட்டத் தெரிந்த கைக்கு ஒரு படிவம் நிரப்பத் தெரியாதா என்ன? :-)