அடுக்களைக்கு ஏற்ற பொறி எது?

கிறிஸ்து பிறப்புத் திருநாள் நெருங்குங்கால் சேலம், நாமக்கல் பகுதிகளிலுள்ள கிறிஸ்தவ இல்லங்களில் முட்டை அடிக்கும் ஓசை கேட்கத் தொடங்கும். முறுக்கும் அதிரசமும் நம் அடுப்பிலேயே பிறந்தவை. கேக்கு மட்டும் மேனாட்டினின்றும் வந்து நம் வீட்டுப்பிள்ளை ஆயிற்று. மின்னடுப்பு இல்லாத நாளில் தட்டின் மேலும் கீழும் கரித்தணல் இட்டு அதனைச் சுட்டனர்; சிலர் கலவையைத் தகரத் தட்டில் ஊற்றிப் பேக்கரிக்குத் தூக்கிச் சென்று சுட்டு வாங்கி வந்தனர். எங்குச் சுட்டாலும் வெண்ணெயையும் சருக்கரையையும் கை ஓயுமளவும் குழைக்கும் பாடு வீட்டுப் பெண்டிர்க்கே உரியதாயிருந்தது. அப்பாட்டைக் குறைக்கவல்ல பொறி இப்போது கடைவீதியில் கிடைக்கின்றது. 'ஸ்டாண்டு மிக்ஸர்' என்பது அதன் பெயர். ஈண்டு அதனைக் கலவைப்பொறி என்று வழங்குவேன். அதனை வாங்குவோர் பலர் தமக்கு ஒவ்வாத பொறியையே வாங்கி வருகின்றனர் என்பதும், வாங்குபவர் ஒருவரும் உழைப்பவர் வேறொருவருமாக இருத்தலே அதற்குக் காரணம் என்பதும் என் கருத்து.

பொறியே வேண்டா என்பாரும் உளர். கையால் பிசைந்த மாவின் சுவை பொறிக்கு வருமோ என்று அவர்கள் வினவுவர். என்னுடன் தமிழ் பயிலும் நண்பர் ஒருவர், உலக்கை போயினமையால் வள்ளைப்பாட்டும் போயிற்றே என்று இரங்கினார். வள்ளைப்பாட்டு இனியதே, சிலப்பதிகாரத்து வாழ்த்துக்காதையில் அதனைக் கற்று நானும் மகிழ்ந்தவன். ஆயினும் உலக்கை பிடித்த மகளிர் பாடியது தம் களைப்பை மறத்தற்பொருட்டு அன்றோ? பாட்டைக் கேட்டவர்க்குத் தோள் நோகவில்லை. நண்பர் வீட்டில் இட்டலிக்கு மாவரைப்பது கிரைண்டர் என்பதையும் இவ்விடத்திற் சொல்லிவிடுகின்றேன்.

நிற்க. அடுக்களைக்கு ஏற்ற பொறி எவ்வாறு பிறக்கும் என்பதை நம் நாட்டார் முன்னரே அறிந்திருக்கின்றனர். 1955-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பார் கிரைண்டரை அமைத்தார். ஆட்டுக்கல்லில் உரல் நிற்கக் குழவி சுழலும். கிரைண்டரிலோ பாத்திரமே சுழலும். உளுந்து பொங்க வேண்டும், மாவு சூடேறலாகாது என்னும் இரண்டையும் அறிந்து செய்யப்பட்ட பொறி அது. 1960-களின் தொடக்கத்தில் சத்திய பிரகாஷ் மாத்தூர் என்னும் பொறியாளர், தம் மனைவியாரின் ஜெர்மானிய மிக்ஸி நம் நாட்டு அரைவைக்கு ஆற்றாது எரிந்துபோகவே, வலிய மோட்டார் பூட்டிய சுமீத் மிக்ஸியை ஆக்கினார். இவ்விரண்டும் அடுப்பருகில் நிற்பவர் எதனை அரைக்கின்றார் என்னும் வினாவினின்றும் தோன்றியவை. கலவைப்பொறியை வாங்கும்போது மட்டும் அவ்வினாவை நாம் மறந்துவிடுகின்றோம்.

அப்பொறியின் வரலாறு வேறு. அமெரிக்காவில் ஓகையோ மாகாணத்தில் ஹோபார்ட் நிறுவனத்துப் பொறியாளர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன், ரொட்டி சுடுபவர் ஒருவர் இரும்புக் கரண்டியால் மாவைக் கிண்டி வருந்துதலை 1908-இல் கண்டார் என்பர். அதன் பயனாக எழுந்தது ஏறக்குறைய 75 லிட்டர் கொள்ளும் பெருங்கடைப்பொறி. 1919-இல் அது வீட்டளவிற்குச் சிறுத்து 'கிச்சன்எய்டு' என்னும் பெயர் பெற்றது. அதன் நுட்பம் எளியது. பாத்திரம் அசையாது நிற்கும்; அடிக்கும் கோல் தன்னைத்தானே சுழன்றுகொண்டு, பாத்திரத்தின் உள்விளிம்பையும் எதிர்முகமாகச் சுற்றிவரும். கோள்கள் ஞாயிற்றைச் சுற்றுதல் போன்ற இவ்வியக்கத்தால் மூலையிற் கிடக்கும் மாவும் தப்புவதில்லை. கிரைண்டரில் பூட்டும் மாப்பிசையும் கருவி சப்பாத்தி மாவிற்கு நன்கு உதவும். எனினும் அதன் மெல்லிய சுழற்சியால் முட்டையை நுரைக்கச் செய்தல் இயலாது. மிக்ஸியின் அலகோ வெட்டுமேயன்றிக் காற்றைப் பொதிந்து வையாது.

காற்றைப் பொதிதலே இங்குத் தலையாய செயல். சருக்கரையின் கூரிய பரல்கள் வெண்ணெயைக் கீறிக்கொண்டு செல்லுந்தோறும் நுண்ணிய காற்றுக்குமிழிகள் அதனுள் தங்குகின்றன. பேக்கிங் பவுடர் புதிய குமிழியைப் பிறப்பிப்பதில்லை. இருக்கும் குமிழியைப் பெருக்குவதே அதன் தொழில். வெண்ணெய் 20 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால்தான் குமிழியைத் தாங்கும். 30 பாகையைக் கடந்தால் இளகிக் கைவிட்டுவிடும். சேலத்துச் சித்திரை வெயிலை அறிந்தவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா. மார்கழியிலுங்கூட நண்பகலில் நம் அடுக்களை குளிர்நாட்டு அடுக்களை ஆகிவிடாது. ஆதலின் நம் ஊரார் கடைக்காரரை முதலில் கேட்கத்தக்கது, பாத்திரம் எஃகாலானதா, அது குளிர்ப்பெட்டியினுள் நுழையுமா என்பதே. கண்ணாடிப் பாத்திரம் அழகியது. ஆயினும் கனமானது, விரைந்து குளிர்வதுமன்று. இவ்வினாவை எந்த விளம்பரத்திலும் நான் கண்டதில்லை.

விளம்பரங்கள் உரைப்பதெல்லாம் வாட்ஸ் ஒன்றே. 1000 வாட்ஸ், 1500 வாட்ஸ் என்று பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிடுவர். மோட்டார் சைக்கிள் வாங்குவார் போல ஆடவர் அவ்வெண்ணையே நோக்குவர். அவ்வெண் பொறி உண்ணும் மின்சாரத்தின் அளவேயன்றி மாவைச் சென்றடையும் வலியின் அளவன்று. எருது தின்னும் வைக்கோலை நிறுத்து அதன் உழவை மதிப்பிடுவார் உளரோ? உலோகப் பற்சக்கரம் உடைய 300 வாட்ஸ் பொறி அமைதியாகப் பிசையும் ரொட்டி மாவில், பிளாஸ்டிக் பற்சக்கரம் கொண்ட 1000 வாட்ஸ் பொறி பல்லுதிர்ந்து நிற்றலும் உண்டு. ஆகையால் பற்சக்கரம் எதனாலாயது, இடையறாது எத்தனை நிமிடம் ஓடலாம், பழுதுற்றால் பார்ப்பவர் சேலத்தில் உண்டா, அன்றிச் சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்பனவே கேட்கத்தக்கவை.

பெரிய பாத்திரமே நன்று என்பது மற்றொரு மயக்கம். நாமக்கல்லுக்கு அருகில் இருப்பதால் நமக்கு முட்டைக்குக் குறைவில்லை; எனினும் நாள்தோறும் எவரும் இருபது முட்டைக் கேக்குச் சுடுவதில்லை. பெரும்பாத்திரத்தில் இரண்டு முட்டையை இட்டால் கோல் அவற்றைத் தொடாது. அடியில் வாளா கிடக்கும். இதனை ஆராய ஓர் எளிய வழி உண்டு. பாத்திரத்தின் அடியில் ஒரு ரூபாய் நாணயத்தை இட்டுப் பொறியை மிக மெல்ல ஓட்டுக. கோல் வரும்போது நாணயம் சற்றே நகர்தல் வேண்டும். அசையாது கிடப்பின் கோல் மிக உயர்ந்துள்ளது; ஓயாது இழுபடின் மிகத் தாழ்ந்துள்ளது. நல்ல பொறிகளில் இதனைச் சீர்செய்யத் திருகு ஒன்று இருக்கும்.

அயல்நாட்டிலுள்ள உறவினர் அன்புடன் கொணரும் பொறியைப் பற்றியும் ஒரு சொல். என் அத்தை வீட்டிற்கு அமெரிக்காவினின்றும் சிவப்பு நிறப் பொறி ஒன்று வந்தது. அந்நாட்டு மின்சாரம் 120 வோல்ட். நம்முடையது 230 வோல்ட். இடையில் மின்மாற்றி வைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. சுவிட்சைப் போட்ட மறுநொடியே புகை எழுந்தது. அது இன்றும் கண்ணாடி அலமாரியில் அழகாக நிற்கின்றது. அத்தையோ அதன் எதிரில் அமர்ந்து மரக்கரண்டியாற் குழைக்கின்றார்.

அவர் அதனைத் திருநாளுக்கு மட்டும் செய்பவராயின் நான் இத்துணை எழுதியிரேன். ஆண்டிற்கு மூன்று கேக்குச் சுடும் இல்லத்திற்குக் கையிற் பிடிக்கும் சிறு பீட்டரே போதும். ஐம்பதாயிரத்தையும் கடக்கும் விலைகொடுத்து வேறு வாங்குவது வீண் என்றே சொல்வேன். என் அத்தை பிறந்தநாள் கேக்குகள் செய்து விற்பவர். கிழமைக்குப் பத்துப் பன்னிரண்டு சுடுகின்றார். அவ்வருவாயால் இரு பிள்ளைகள் படிக்கின்றனர். சென்ற ஆண்டு முதல் வலது மணிக்கட்டு வீங்கி வருகின்றது. இத்தகையோர்க்குக் கலவைப்பொறி ஆடம்பரம் அன்று. தச்சர்க்கு உளி போன்றது. உளியைத் தச்சரே தெரிந்தெடுப்பார். அவர் மைத்துனர் தெரிந்தெடுப்பதில்லை.

சென்ற மாதம் சேலத்துக் கடையொன்றிற்கு அத்தையுடன் சென்றிருந்தேன். கடைக்காரர் என்னை நோக்கியே வாட்ஸ் கணக்கை விரித்துரைத்தார். அத்தை ஒன்றும் மறுமொழி கூறாது சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு ரூபாயை எடுத்துப் பாத்திரத்தில் இட்டு, "மெதுவா ஓட்டுங்க தம்பி" என்றார். மூன்று பொறிகளில் நாணயம் அசையவில்லை. நான்காவதில் மெல்ல நகர்ந்தது. உடனே அத்தை பாத்திரத்தைக் கழற்றிக் கையால் சாண் அளந்து பார்த்தார். எங்கள் குளிர்ப்பெட்டியின் இரண்டாம் தட்டின் உயரத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு வந்திருந்தார்.