மழித்தலும் அரித்தலும்!

(மூன்றாமாண்டு, இயந்திரவியல்)



இந்த மலரில் வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி ஒருவர் எழுதியிருப்பார். அம்மாவைப் பற்றி நாலு பேர் கவிதை எழுதியிருப்பார்கள். நான் எழுதப் போவது தாடையைப் பற்றி. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், பிறகு நேரமிருக்காது.

திங்கட்கிழமை காலை ஒர்க்‌ஷாப் வாசலில் வரிசையில் நிற்கும்போது கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். பத்துப் பேரில் மூன்று பேராவது கழுத்தைச் சொறிந்து கொண்டிருப்பார்கள். ஒருவன் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்வான், இன்னொருவன் கர்ச்சீப்பை நனைத்து ஒத்திக் கொண்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை இரவோ திங்கள் விடியற்காலையோ அவசர அவசரமாகச் சவரம் செய்ததன் பலன் அது. "மழமழன்னு ஷேவ் பண்ணாதவன் உள்ளே வரக்கூடாது" என்ற சட்டம் நமக்கு உண்டல்லவா! மீறினால் வெளியே நிற்க வேண்டும், அன்றைய ரெக்கார்டில் கையெழுத்துக் கிடையாது.

நான் மேல்மலைக்காரன். பூம்பாறை, மன்னவனூர் பக்கத்துப் பையன்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் சில இரவுகளில் புல்லின்மேல் உறைபனி படிகிற ஊர். குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவு, அதனால் தோல் வறண்டு வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். அந்தத் தோலில் ஐஸ் மாதிரித் தண்ணீரைத் தெளித்து, விறைத்துப் போன முடியின்மேல் பிளேடை இழுத்தால் என்ன ஆகும்? லீவு முடிந்து பழனி வழியாக மலை பஸ்ஸில் இறங்கும்போது, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் வெக்கை ஏறும், வேர்வை வரும். வேர்வையின் உப்பு அந்தக் கீறல்களில் இறங்கும்போது வருகிற அரிப்பை வாயால் சொல்ல முடியாது. பக்கத்து சீட்டுக்காரர் "தம்பிக்கு அம்மையா?" என்று கேட்டு எழுந்து போனதும் உண்டு.

இது ஏன் வருகிறது? நாம் மெக்கானிக்கல் ஆட்கள், நம் பாஷையிலேயே பார்ப்போம்.

ரேசர் என்பது ஒரு கட்டிங் டூல். முடி ஜாப். தோல்தான் பெட். டூல் ஜாப்பை மட்டும் வெட்டிவிட்டுப் போனால் பிரச்சினை இல்லை, அது பெட்டையும் சேர்த்துச் சுரண்டுகிறது. தோலின் மேலே உள்ள மெல்லிய செத்த அடுக்குதான் உள்ளே இருக்கிற ஈரத்தைக் காப்பது. அது போனால் எரிச்சல், சிவப்பு. இது சவரம் செய்த சில நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். இன்னொரு வகை இரண்டு மூன்று நாள் கழித்து வரும். பிளேடு முடியைச் சாய்வாக நறுக்குவதால் அதன் முனை ஈட்டி போலாகிவிடுகிறது. சுருட்டை முடிக்காரனுக்கு அது வளரும்போது வளைந்து மறுபடி தோலுக்குள்ளேயே குத்தும். உடம்பு அதை முள் ஏறியதாக நினைத்துச் சண்டை போடும். அதுதான் கழுத்தில் வருகிற அந்தக் கொப்புளங்கள். இரண்டு பிளேடு, மூன்று பிளேடு வைத்த ரேசரில் இது கூடுதலாகும். முதல் பிளேடு முடியை இழுத்துப் பிடிக்க, அடுத்தது வெட்ட, மிச்ச முடி தோலுக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். விளம்பரத்தில் இதைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள்!

இன்னொரு சங்கதி. முடியைவிட பிளேடின் எஃகு ஏறக்குறைய 50 மடங்கு கடினம். அப்படியிருந்தும் பிளேடு ஏன் மழுங்குகிறது? அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் இதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து 2020-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். விளிம்பு தேய்ந்து போகவில்லையாம், துணுக்குத் துணுக்காக உடைகிறதாம். முடி சாய்வாக வந்து மோதும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் சில்லு பெயர்கிறது. ஆக, நம் ஹாஸ்டலில் சோப்பு டப்பாவுக்குள் ஒரு மாதமாகக் கிடக்கிற பிளேடு, பிளேடே அல்ல, ரம்பம். மெட்டீரியல்ஸ் பாடத்தில் பிரிட்டில் ஃபிராக்ச்சர் என்று எழுதி மார்க் வாங்குகிறோம், அதே கையால் அந்த ரம்பத்தைக் கழுத்தில் வைக்கிறோம்.

சவரத்தை ஒரு தொழிலாகக் கற்றவர்கள் பழனி அடிவாரத்தில் இருக்கிறார்கள். முடிக்கொட்டகையில் போய் அரைமணி நேரம் நின்று பாருங்கள். தைப்பூசம், பங்குனி உத்திரம் என்றால் நிற்கவே இடம் கிடைக்காது. 2021 செப்டம்பரில் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணமில்லை என்று அரசு அறிவித்தது. கைக்குழந்தையிலிருந்து கிழவி வரை தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். எடுத்தவுடன் அவர்கள் கத்தியை வைப்பதில்லை. முதலில் தண்ணீரை ஊற்றி உச்சந்தலையிலிருந்து நன்றாகப் பிசைவார்கள். ஒரு பெரியவரிடம் "ஏண்ணே இவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். "ஊறாத முடியை எந்தக் கத்தியும் வெட்டாது தம்பி, பிடுங்கத்தான் செய்யும்" என்றார். தண்ணீர் குடித்த முடி பருத்து மெதுவாகிவிடும், அதை வெட்ட ஆகும் விசை குறையும். நம் பாஷையில் கட்டிங் ஃபோர்ஸ்!

பிறகு சந்தனம். அதைப் பக்தி என்று சொல்லுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் ஈரச் சந்தனம் காயும்போது சூட்டை எடுக்கிறது, குளிர்ச்சி பட்டால் அரிப்பு அடங்குகிறது என்பதும் உண்மை. மூன்றாம் நாள் முடி முளைக்கும்போது தலையணை உப்புத்தாள் போல உரசுமே, அதற்குச் சந்தனமும் பதில் சொல்லாது என்பது வேறு விஷயம்.

இனி, கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டிய ஒன்று. ஹாஸ்டலில் ஒரே ரேசர் நாலு ரூம் சுற்றுகிறது. "மச்சி, கொஞ்சம் குடுடா" என்றால் கொடுக்காதவன் கஞ்சன். இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாக 1986-ல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு வந்த பிரசாரத்தால் சலூன்களில் ஆளுக்கொரு புது பிளேடு என்ற பழக்கம் பரவியது. படித்த நாம்தான் இன்னும் பங்கு போடுகிறோம்! எச்.ஐ.வி.யை விட எளிதில் தொற்றுவது ஹெபடைடிஸ் பி. காய்ந்த ரத்தத்தில்கூட அந்தக் கிருமி ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். இரண்டு ரூபாயோ ஐந்து ரூபாயோ, ஒரு பிளேடு விலைக்கு ஈரலை அடகு வைக்கிற சிநேகிதம் வேண்டாம் என்பேன்.

அரிப்பு வந்ததும் நாம் ஓடுவது மெடிக்கல் ஷாப்புக்கு. "அண்ணே, அரிப்புக்கு ஒரு டியூப்" என்றால் எடுத்துக் கொடுத்துவிடுவார். தடவினால் அன்று இரவே அடங்கும். காரணம், பெரும்பாலும் அதில் ஸ்டீராய்டு இருக்கும். மாதக்கணக்கில் முகத்தில் தடவினால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் சிவப்பாகத் தெரிய ஆரம்பிக்கும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகப் பொங்கும். அரிப்புக்குக் காரணம் படர்தாமரையாக இருந்தால் உள்ளுக்குள் பரவிக்கொண்டே போகும். இப்படிப்பட்ட 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு ஆணை போட்டது. ஆணை இருக்கிறது, டியூப்பும் கிடைக்கிறது! சீழ் வைத்தாலோ, வட்டம் வட்டமாகப் பரவினாலோ அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போவதுதான் வழி.

என் கட்சி என்ன என்றால், இவ்வளவுக்கும் பிறகு "மழமழ" என்ற சட்டம் எதற்கு? பாதுகாப்புக்கு என்கிறார்கள். லேத்தில் சிக்கக் கூடியது தொங்குகிற தாடி, தளர்ந்த சட்டைக் கை, கழுத்துச் செயின். இரண்டு மில்லிமீட்டர் முடி எந்தச் சக்கில் சிக்கும்? நியாயமான இடமும் ஒன்று உண்டு. விஷவாயு, தூசு உள்ள இடத்தில் முகத்தோடு ஒட்டுகிற ரெஸ்பிரேட்டர் மாட்டுகிறவனுக்கு, முடியிருந்தால் சீல் பிடிக்காது. அவன் மழித்தே ஆக வேண்டும். ஃபிட்டிங் செக்‌ஷனில் அரம் தேய்க்கிற நமக்கு அந்த முகமூடியை யாரும் கண்ணில் காட்டியதில்லையே!

ஒழுங்கு கெட்டுவிடும் என்பவர்களுக்கு ஒரு செய்தி. பிரிட்டிஷ் ராணுவமே 2024 மார்ச்சில் ஒழுங்காக வெட்டிய தாடிக்கு அனுமதி கொடுத்துவிட்டது. அமெரிக்க விமானப்படையில் இந்தக் கொப்புள வியாதி உள்ளவர்களுக்கு, முக்கியமாகச் சுருட்டை முடிக் கறுப்பின வீரர்களுக்கு, ஐந்து வருஷம் வரை சவர விலக்கு என்று 2020-ல் விதி வந்தது. 2025-ல் அங்கே மறுபடி இறுக்கிவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதிர்க்கட்சி நண்பர்கள் சொல்வார்கள். துப்பாக்கி பிடிக்கிற இடத்தில் இவ்வளவு பேச்சு நடக்கிறது. வெர்னியர் பிடிக்கிற இடத்தில் பேசவே கூடாதா?

"ஆம்பளப் பையனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமாடா" என்று கேட்கிற சீனியர்களை நான் அறிவேன். ராத்திரி தூங்காமல் சொறிந்துவிட்டு மறுநாள் வைவாவில் திணறியவனையும் அறிவேன். சுருட்டை முடியும் வறண்ட தோலும் அவன் கேட்டு வாங்கி வந்ததல்ல.

கேட்பது மூன்றுதான். விதியில் "மழமழ" என்பதை "சுத்தமாக, குட்டையாக" என்று மாற்ற வேண்டும். டிரிம்மர் போட்டு ஒரு மில்லிமீட்டர் விட்டவனை வெளியே நிறுத்தக் கூடாது. டாக்டர் சீட்டுக் கொண்டு வந்தால் ரெக்கார்டில் கையெழுத்து மறுக்கக் கூடாது. ஹாஸ்டல் குளியலறையில் காலை ஆறு மணிக்கு முன் ஒரு அண்டா வெந்நீர் வேண்டும். முடி ஊற இரண்டு மூன்று நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணீர், முடி சாய்ந்த பக்கமாகவே இழுப்பு, கடைசியில் பச்சைத் தண்ணீர். இவ்வளவு வசதி இருந்தாலே பாதி அரிப்பு வாசலோடு போய்விடும்.

மனு எழுதிய நீள நோட்டு யூனியன் ரூமில் கேரம் போர்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தாடி முளைக்காத முதலாமாண்டுத் தம்பிகளும் கையெழுத்துப் போடலாம்!