போர்க்கத்தியும் கவ்வாத்துக் கத்தியும்

கத்தி என்ற சொல்லைக் கேட்டதும் போர்க்களத்தை நினைத்துக்கொள்ளும் வழக்கம் தமிழ் கற்றோரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. வாளையும் வேலையும் பாடிய இலக்கியப் பரம்பரையின் வாரிசுகள் என்ற பெருமிதம் ஒருபுறம். மேனாட்டுப் போர்ப்படங்களும் படைக்கலன் பற்றிய நூல்களும் ஊட்டிய மயக்கம் மறுபுறம். படைவீரனின் இடையிலே தொங்கிய கத்தியே உறுதியிலும் பயனிலும் தலைசிறந்தது என்னும் எண்ணத்தை இவை இரண்டும் சேர்ந்து நிலைநாட்டிவிட்டன. இவ்வெண்ணம் பிழையானது. அத்துடன், கம்பளையிலும் அதனைச் சூழ்ந்த மலைகளிலும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உழைத்துவரும் ஒரு கருவியையும், அதனைப் பிடித்த கைகளையும் கண்ணிலிருந்து மறைப்பதும் இவ்வெண்ணமே.

போர்க்கத்தியின் புகழுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவன பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கத்திகளே. பிரித்தானியக் கொமாண்டோப் படைக்கென ஃபெயார்பெயின், சைக்ஸ் என்னும் இருவர் வகுத்த கத்தி 1941இல் வில்க்கின்சன் தொழிலகத்திலிருந்து வெளிவந்தது. அவ்விருவரும் ஷங்காய் நகரப் பொலிசிற் பணியாற்றியவர்கள். இருபுறமும் கூரான, ஒடுங்கிய அலகைக் கொண்ட அக்கத்தி குத்துவதற்கென்றே ஆக்கப்பட்டது. ஆனால், படைவீரன் ஒருவன் நாளொன்றில் எத்தனை முறை பகைவனைக் குத்துகிறான்? தகரப்பேணியைத் திறக்கவும் பெட்டியை நெம்பவும் அதனை எடுத்தபோது அதன் மெல்லிய முனை முறியக்கூடியதாயிருந்தது. 1942இல் அமெரிக்க மரைன் படை ஏற்றுக்கொண்டதும், கா-பார் என்ற பெயரால் அறியப்படுவதுமான கத்தியின் கதை வேறு. ஏழங்குல அலகும், தோல் வளையங்களை அடுக்கி இறுக்கிய பிடியும் கொண்ட அது, குழி தோண்டவும் பற்றை வெட்டவும் பேணி திறக்கவும் உதவியமையாலேயே பெயர் பெற்றது. கூர்க்கரின் குக்ரியோ நேபாளத்து உழவனின் வீட்டில் விறகு பிளந்த கத்தி. அவன் படைக்குப் போனபோது அதுவும் உடன் சென்றது. ஆகவே, போர்க்கத்திகளுள் நீடித்த புகழ் பெற்றவை போருக்குப் புறம்பான வேலைகளைச் செய்யவல்லனவே என்பது மனங்கொள்ளத்தக்கது.

கண்டி இராச்சியத்தின் கத்தியும் இதனையே சொல்கிறது. ‘பிஹா கெத்த’ எனப்படும் அக்கத்தியின் முதுகிலே பித்தளையும் வெள்ளியும் பதிக்கப்பட்டிருக்கும். பிடி கொம்பாகவோ தந்தமாகவோ இருக்கும். உறையிற் சிலவேளை ஓலையில் எழுதும் எழுத்தாணியும் உடனிருக்கும். அரச பட்டறைகளில் உருவாகி, பிரதானிகளின் இடுப்பை அலங்கரித்த இத்தகைய கத்திகள் இன்று நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலை வரை சென்றுள்ளன. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்திய காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல், இவற்றைச் செய்த கம்மாளரின் வாழ்வையும் உடன் ஆராய்ந்தது; பின்வந்தோர் பலர் பொருளை மட்டும் போற்றிக் கம்மாளரை மறந்தனர். இனி, அப்பெயரின் பிற்பகுதியை நோக்குக. காடு வெட்டும் கத்தியைச் சிங்கள உழவர் இன்றும் ‘கெத்த’ என்றே அழைக்கின்றனர். பிரதானியின் இடுப்பிலே வெள்ளியுடுத்தி நின்றது உழவனின் கத்தியே.

கம்பளை ஒரு காலத்தில் அரசிருக்கை. பதினான்காம் நூற்றாண்டில் நான்காம் புவனேகபாகு இங்கிருந்து ஆண்டான். 1344இல் எழுந்த இலங்காதிலக விகாரை இன்றும் நிற்கின்றது. ஆயினும் இம்மலைகளின் தோற்றத்தை மாற்றியது எந்த அரசனின் வாளுமன்று. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளையை அடுத்த சிங்ஹபிட்டியவிற் கோப்பித் தோட்டம் அமைத்த காலந்தொட்டு, தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த தொழிலாளரின் கத்தியும் கோடரியும் மண்வெட்டியுமே மாற்றின. 1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை பரவியது. தேயிலையோடு வந்தது கவ்வாத்துக் கத்தி.

தேயிலை இயல்பில் மரமாகும். கொழுந்து கைக்கெட்டும் உயரத்திற் கிடைக்க வேண்டுமானால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை வெட்டித் தாழ்த்தியாக வேண்டும். தாழ்ந்த இடங்களில் இச்சுற்றுக் குறுகியது; மலை உயர உயர நீண்டது. வெட்டுமுன் வேரிலே மாப்பொருள் போதிய அளவு சேர்ந்திருக்கிறதா என்று அயடீன் இட்டுச் சோதிப்பர். சேமிப்பில்லாத செடி கவ்வாத்தைத் தாங்காது. அதன்பின் எல்லாம் தொழிலாளியின் மணிக்கட்டைப் பொறுத்தது. கிளையை ஒரு கையாற் பற்றி, மறு கையாற் கத்தியை இழுக்க, வெட்டு ஒரே வீச்சிற் சரிவாகவும் வழுவழுப்பாகவும் விழ வேண்டும். கூர் மழுங்கியிருந்தால் பட்டை கிழியும், கிளை பிளக்கும், பிளவிலே நீர் தங்கி அழுகல் ஏறும். பின் வருங்காலக் கொழுந்து எங்கிருந்து வரும்? ஒரு ஹெக்டயரில் ஏறத்தாழ 12,500 செடிகள் நடப்படும் புதிய தேயிலைக் காட்டை எடுத்துக்கொண்டால், செடிக்குப் பத்துக் கிளை என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஒன்றேகால் இலட்சம் வெட்டுகள். குனிந்த முதுகோடு, சரிவிலே, அட்டைக்கும் மழைக்கும் நடுவே நிகழ்வன இவை. நாட்கணக்கு முடியாவிடின் அரைப்பேர். வெட்டி விழுந்த மிலாறு லயத்து அடுப்பில் எரிகின்றது. எந்தப் போர்க்கத்தி இத்தகைய சோதனைக்கு உட்பட்டது?

1944இல் தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்திற்கு வந்தது. பர்மா முனையில் குக்ரியோடு போரிட்டோரின் வீரத்தை எழுதிய நூல்கள் பல. அத்தலைமையகத்துக்குச் சில மைல் தொலைவில், அதே ஆண்டிற் கவ்வாத்து வெட்டியோரைப் பற்றி எழுதுவதற்கு எவருக்கும் தோன்றவில்லை.

கவ்வாத்துக் கத்தி தேய்ந்துபோவதன்றோ, நாளும் கல்லில் தீட்டப்பட்டு அலகு ஒடுங்கிவிடுவதன்றோ, அதனை உறுதியானது எனல் எங்ஙனம் என வினவுவோர் உளர். நூதனசாலைக் கத்தி அன்றிருந்தவாறே இருப்பது உண்மையே. வேலை செய்யாத பொருள் தேயாதிருப்பதில் வியப்பென்ன? புறநானூற்றுத் தொண்ணூற்றைந்தாம் பாட்டில் ஔவையார் இவ்விவகாரத்தை என்றோ தீர்த்துவிட்டார். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் மயிற்பீலி சூடி, நெய் பூசிக் கிடந்த கருவிகளைப் புகழ்வார்போல இகழ்ந்து, நுனி சிதைந்து கொல்லனின் சிறு உலைக்கூடத்திற் கிடக்கும் அதியமானின் வேல்களையே அவர் உயர்த்தினார். அப்பாடலைத் தேர்வுக்காகப் பாடமாக்கியோர், தீட்டித் தீட்டி ஒடுங்கிய கவ்வாத்துக் கத்தியிடத்து அதே நியாயத்தைக் காணத் தவறுவது விந்தையே. (அதியமானுக்குக் கிடைத்த புலவர் தோட்டத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை என்பது வேறு கதை.)

இங்கே பிரச்சினை கத்தியோடு நின்றுவிடுவதன்று. எந்தக் கருவி பேணத்தக்கது எனத் தீர்மானிப்போர், எவர் வரலாற்றுக்கு உரியவர் என்பதையும் தீர்மானிக்கின்றனர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மலைகளைச் செழிக்கச் செய்தோரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களை எண்களாகப் பங்கிட்டது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கை 2021இல் நிறைவேறுவதற்குப் பல ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது. 2001இல் ஹந்தானையில் திறக்கப்பட்ட தேயிலை நூதனசாலையில் இயந்திரங்களும் ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப்பொருள்களும் பெருமையோடு வைக்கப்பட்டுள்ளன. 1867இல் லூல்கந்துரவில் டெய்லர் நட்ட தேயிலையைப் பின்னர் வெட்டி வளர்த்த கைகளுக்கு அத்தகைய இடம் எங்கே? அக்கைகள் புழங்கிய பொருள்களுக்கென ஓர் இடம் வேண்டும் எனக் கருதியோர், 2007இற் கம்பளைப் பகுதியின் ஓல்ட் பீக்கொக் தோட்டத்திலே, பழைய லயமொன்றில், தோட்டத் தொழிலாளர் நூதனசாலையை அமைத்தனர். அதனைச் செய்தது அரசுமன்று, பல்கலைக்கழகமுமன்று, தொண்டு நிறுவனமொன்று. பேராதனையிலிருந்து பேருந்தேறி எளிதில் அடையக்கூடிய அவ்விடத்துக்குத் தமிழ் பயிலும் மாணவருள் எத்தனை பேர் சென்றுள்ளனர்?

சொல் ஒன்றும் இவ்விடத்திற் சாட்சி கூறுகின்றது. ‘கவாத்து’ என்பது தமிழிற் படைவீரரின் பயிற்சியையும் குறிக்கும். செடிகொடிகளைக் கழித்து வெட்டுவதையும் குறிக்கும். மலையகத்தார் நாவிற் ‘கவ்வாத்து’ என அழுந்தி ஒலிக்கும்போது அது இரண்டாவது பொருளை மட்டுமே தருகின்றது. முதற்பொருளுக்கு விளக்கவுரை எழுத ஆயத்தமாயிருக்கும் புலமை, இரண்டாவதனுள் நுழைந்து நிறை, மிலாறு, அரைப்பேர் எனத் தொடரும் சொற்களஞ்சியத்தைத் திரட்ட முன்வருவதில்லை. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தார். கருவிகளுக்கும், அவற்றை அடித்துக் கொடுத்த கொல்லருக்கும், அவை தொடர்பான சொற்களுக்கும் அத்தகையதொரு தொகுப்பு வேண்டும்.

தாமதிக்கவும் இயலாது. எரிபொருளால் இயங்கும் கவ்வாத்து இயந்திரங்கள் தோட்டங்களுள் நுழைந்துவிட்டன. முதுகு நோகும் வேலையை இயந்திரம் ஏற்பதை எவரும் எதிர்க்கத் தேவையில்லை. கத்தி போவதோடு அதன் அறிவும் போய்விடுவதே கேடு. கிளையின் எக்கணுவுக்கு மேலே வெட்டுவது, எச்சரிவில் இழுப்பது, எக்கல்லில் எவ்வாறு தீட்டுவது என்பதெல்லாம் ஏட்டில் இல்லை; முதிய தொழிலாளரின் கைகளில் உள்ளன. புறநானூற்றுப் படைக்கலங்கள் பற்றி மற்றுமொரு கட்டுரை எழுதவிருக்கும் மாணவர், ஓர் ஆண்டுக்கு அதனை ஒத்திவைத்துக் கம்பளை மலைகளில் ஏறி, கவ்வாத்து வெட்டும் ஒருவரின் பக்கத்தில் ஒரு நாள் நின்று, அவர் சொல்வதைக் குறித்துவரட்டும். தமிழ்த் துறைகள் அக்குறிப்புகளை ஆய்வென ஏற்கட்டும்.