கீறல் விழுந்தால் கிளைமா, கைக்காசா?



ஹட்டன் டவுனில் யாராவது காரைப் பின்னால் எடுக்கும்போது தூணில் இடித்துவிட்டால், சுற்றி நிற்பவர்கள் முதலில் சொல்வது "இன்சூரன்ஸ் இருக்குத்தானே சேர், கிளைம் போடுங்க" என்பதுதான். எங்கள் ஸ்டாஃப் ரூமிலும் இதே பேச்சு. வருஷா வருஷம் காசு கட்டுகிறோம், பிறகு ஏன் கைக்காசைச் செலவழிக்க வேண்டும் என்று கேட்பது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனாலும் எங்கள் வாகனத்துக்கு மட்டும் பட்ட சின்ன அடிக்குக் கிளைம் போடுவது பெரும்பாலும் நட்டம் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

ஒரு உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழுக் காப்புறுதிக்கான கட்டணம் ரூ. 120,000. பல வருஷமாகக் கிளைம் போடாததால் 50 வீதம் போனஸ் கழித்து ரூ. 60,000 கட்டுகிறோம். பம்பர் உடைந்து, ஹெட்லைட் போய், டிங்கரிங், பெயின்ட் எல்லாம் சேர்த்து ரூ. 45,000 பில் வருகிறது. எக்ஸஸ் ரூ. 10,000 எங்கள் பொறுப்பு. ஆகவே கம்பனி தருவது ரூ. 35,000. அடுத்த வருஷம் போனஸ் 30 வீதமாக இறங்கினால் ரூ. 24,000 கூடுதலாகக் கட்ட வேண்டும். அதற்கடுத்த வருஷம் 40 வீதம் என்றால் இன்னும் ரூ. 12,000. வாங்கியது 35, திருப்பிக் கட்டியது 36. இடையில் அசெஸருக்காகக் காத்திருந்ததும், கராஜுக்கும் கம்பனிக்கும் அலைந்ததும், அதற்காகப் போட்ட லீவும் இந்தக் கணக்கில் இல்லை.

போனஸ் எவ்வளவு இறங்கும் என்பது கம்பனிக்குக் கம்பனி வேறு. அதனால் கையெழுத்துப் போடும் முன் "இதைக் கிளைம் பண்ணினால் அடுத்த வருஷம் நான் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். கராஜ் பாஸிடம் ஒரு எஸ்டிமேட்டும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்னொன்று, விபத்தை அறிவிப்பது வேறு, கிளைம் போடுவது வேறு. உடனே போன் பண்ணி அறிவிக்காமல் விட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து கராஜில் கழற்றிப் பார்த்து ரேடியேட்டரும் அடிபட்டிருக்கிறது என்று போய் நின்றால் "பிந்திவிட்டீர்கள்" என்று சொல்ல அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதைப் பற்றி யாரும் பேசுவதாகவே தெரியவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 தொடக்கத்தில்தான். நடுவில் 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. பழைய ஆல்டோவுக்கும் வேகன்ஆருக்கும் வாங்கியபோது இருந்த விலையைவிட அதிக விலை வந்தது இப்படித்தான். ஆனால் பலர் கட்டணம் கூடிவிடும் என்று பயந்து, காரின் பெறுமதியைப் பழைய தொகையிலேயே வைத்துப் புதுப்பித்து வருகிறார்கள். சந்தையில் 50 இலட்சம் போகும் காரை 25 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், பல பொலிஸிகளின்படி இழப்பிலும் பாதிதான் கிடைக்கும். கார் முழுதாகப் போனால் மட்டும் அல்ல, ஒரு இலட்சம் ரூபாய் திருத்த வேலைக்கும் அந்தப் பாதிக் கணக்குத்தான். "முழுக் காப்புறுதி" என்ற பெயரை நம்பிக் கிளைம் போட்டு, போனஸும் போய், பாதிக் காசும் வந்தால் அதைவிட வயிற்றெரிச்சல் வேறில்லை.

அடுத்தவருக்குச் சேதம் என்றால் எங்கள் கருத்து நேர் எதிரானது. கொட்டகலையிலோ தலவாக்கலையிலோ பனிமூட்டத்தில் எங்கள் கார் ஒரு ஆட்டோவில் மோதினால், அந்த ஆட்டோ பெரும்பாலும் லீசிங்கில் ஓடுவது. எங்களுக்கு அது ஒரு டென்ட், அவருக்கு அது ஒரு வாரத்து அடுப்பு. "கையோட முடிச்சுக்குவோம்" என்று ஐயாயிரத்தை நீட்டிவிட்டு வருவதை நாங்கள் சரியென்று சொல்லமாட்டோம். மூன்றாம் தரப்புக் காப்புறுதியைச் சட்டம் கட்டாயமாக்கியது அவரைப் போன்றவர்களுக்காகத்தான். கம்பனி திருத்தச் செலவைக் கொடுத்தாலும் ஆட்டோ ஓடாத நாட்களின் உழைப்பை யாரும் கணக்கில் எடுப்பது குறைவு. பிழை எங்களுடையது என்றால் அதைக் கைக்காசில் கொடுக்கலாம். கைக்காசுக்குச் சரியான இடம் அதுதான்.

ஆளுக்குக் காயம் என்றால் பேச்சே இல்லை. பொலிஸுக்கும் கம்பனிக்கும் அந்த இடத்திலிருந்தே அறிவிக்க வேண்டும். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் பஸ் மோதி வேனிலும் ஆட்டோவிலும் போன 7 பேர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். இந்தப் பாதைகளில் சின்ன அடிக்கும் பெரிய அடிக்கும் இடையில் இருப்பது ஒரு வளைவுதான்.

கொஞ்சம் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். "கிளைம் போடுறதுதான் போடுறீங்க, அந்தப் பழைய கதவுக் கீறலையும் இதோட சேர்த்துப் போடுங்க" என்று ஆலோசனை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் சொல்கிறார்கள். அது பொய்ச் சாட்சி. 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி வணிகக் காப்புறுதியை ஏற்காமல், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையை மாற்றாகச் சொன்னது. எங்கள் நாட்டில் தகாஃபுல் 1999இலிருந்து இருக்கிறது. அதில் எல்லோரும் போடும் காசு ஒரு பொது நிதி. கூட்டிப் போட்ட கிளைம் பக்கத்து வீட்டுக்காரரின் பங்கில் கை வைப்பது. சாதாரணக் காப்புறுதியிலும் கடைசியில் அடுத்த வருஷக் கட்டணமாக அதைச் சுமப்பவர்கள் நாங்கள்தான்.

நியாயமான கிளைமைக் கம்பனி மறுத்தால் சும்மா இருக்கவும் வேண்டாம். முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிடுங்கள். பதில் சரியில்லை என்றால் கொழும்பில் காப்புறுதி ஓம்புட்ஸ்மன் இருக்கிறார், அவருக்கு எழுதலாம். கடிதம் எழுதச் சிரமம் என்றால் ஸ்கூல் விட்ட பிறகு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம். வரும்போது பொலிஸியின் எல்லாப் பக்கங்களையும் கொண்டு வாருங்கள், முதல் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம்.