அந்தி நேரக் கூட்டத்தை விரட்டலாமா?

பொழுது சாயும் வேளையில் உங்கள் ஊர்ப் பூங்காவில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தையோ ஆலமரத்தையோ கவனித்திருக்கிறீர்களா? நாலா திசைகளிலிருந்தும் மைனாக்கள் சிறு சிறு கூட்டமாக வந்து இறங்கும். காகங்களும் கிளிகளும் தத்தமக்கு உகந்த மரங்களைத் தேடி வரும். சற்று நேரத்திற்கு ஒரே இரைச்சல். இருள் கவிந்ததும் எல்லாம் அடங்கிவிடும்.

இந்த இரைச்சலையும் மரத்தடியில் விழும் எச்சத்தையும் காட்டி, கிளைகளை வெட்ட வேண்டும், வெடி வைத்து விரட்ட வேண்டும் என்று சிலர் கோருகிறார்கள். இது சரியான வழி அல்ல என்பதே நம் கருத்து.

பறவைகள் ஏன் இப்படிக் கூடுகின்றன? முட்டையிட அல்ல, இராத் தங்குவதற்காகவே. பல கண்கள் இருந்தால் பகை வருவதை விரைவில் அறியலாம். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், வரிசையாக உறங்கிய வாத்துகளில் ஓரத்தில் இருந்தவை, நடுவில் இருந்தவற்றைவிட அதிக நேரம் ஒரு கண்ணைத் திறந்தபடி உறங்கியது தெரிந்தது. திறந்த கண் பெரும்பாலும் வெளிப்புறத்தையே நோக்கியிருந்ததாம்! 1973-இல் வார்டு, ஜஹாவி என்ற இரு விஞ்ஞானிகள் வேறொரு காரணமும் கூறினார்கள். இரை கிடைக்காத பறவை, மறுநாள் காலையில், இரை இருக்குமிடம் அறிந்த பறவைகளைப் பின்தொடரலாம். அதாவது, அடையும் மரம் ஒரு செய்தி நிலையம்! இது எல்லாப் பறவைகளுக்கும் பொருந்துமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

கிளையை வெட்டினால் பறவைகள் மறைந்துவிடுமா? அடுத்த தெரு மரத்திற்குப் போகும். தொல்லை இடம் மாறும். நமக்கு நிழல்தான் போகும். மைனா தின்னும் வெட்டுக்கிளிகளையும் புழுக்களையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

எச்சம் நல்ல உரம். வேடந்தாங்கல் மக்கள் இதை அறிந்திருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடுவதைத் தடுக்கும்படி கலெக்டரிடம் முறையிட்டு அவர்கள் உத்தரவு பெற்றார்கள்.

ஆனால் காய்ந்த எச்சத்தின் தூசியைச் சுவாசிப்பது உடலுக்கு நல்லதல்ல என்பதும் உண்மை. ஆகவே நீர் தெளித்த பிறகே பெருக்க வேண்டும். பெஞ்சுகளை அந்த மரத்தடியிலிருந்து நகர்த்தினால் போதும். மின்விளக்குகள் கிளைகளை நோக்கி எரியாமல் தரையை நோக்கி எரியட்டும்.

மாணவர்களே, நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மாதம், நாள்தோறும் சூரியன் மறையும் நேரம், முதல் பறவையும் கடைசிப் பறவையும் வந்த நேரம், பத்துப் பத்தாக எண்ணிய எண்ணிக்கை ஆகியவற்றை நோட்டில் குறியுங்கள். மேகமூட்டமான நாளில் அவை முன்னதாக வருகின்றனவா என்றும் பாருங்கள். பிறகு அந்த மரத்தை வெட்ட யாரேனும் வந்தால், வெறும் கையுடன் நிற்காமல் கணக்கோடு நகராட்சிக்குச் சென்று பேசலாம். பூங்கா மனிதருக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறென்ன வேண்டும்?